புதுக் கார், மென்மையான பெயின்ட்: எந்தப் பாலிஷ் யாருக்குக் கைகொடுத்தது?

சென்னையிலிருந்து, கருப்பு செடான்

புதுக் காருக்கு எதற்குப் பாலிஷ் என்று கேட்பவர்கள் கருப்பு நிறக் காரை வெயிலில் நிறுத்திப் பார்த்திருக்க மாட்டார்கள். யார்டில் தூசி படிந்து நின்ற வண்டியை, கொடுப்பதற்கு முன்பு ஒரே துணியால் மேலிருந்து கீழ்வரை தேய்த்துக் கழுவிவிடுகிறார்கள். என் கார் அப்படித்தான் வந்தது. பானட்டில் சூரியன் பட்ட இடத்தைச் சுற்றி வட்ட வட்டமாக மெல்லிய கீறல்கள்.

கார் ஜப்பானியத் தயாரிப்பு. நிறத்துக்கு மேல் அடிக்கும் நிறமற்ற கடைசி அடுக்கான கிளியர் கோட் மிக மென்மை. உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியை லேசாக இழுத்தாலே கோடு விழுகிறது. கடைக்காரர் முதலில் நீட்டியது மென்செர்னா 400. அது பட்டறையில் எமரித்தாள் போட்ட தடத்தை எடுக்கும் காம்பவுண்ட்; என் காரின் தலைமுடிக் கீறலுக்கு அது தேவையே இல்லை. அதே நிறுவனத்தின் 3800-ஐ வாங்கி, மெஷினில் மாட்டும் மிருதுவான ஃபோம் பேடில் போட்டேன். அந்த வரிசையில் வெட்டு, அதாவது பெயின்டைத் தேய்த்தெடுக்கும் திறன், மிகக் குறைந்தவற்றில் அதுவும் ஒன்று. அதற்கே கீறல்கள் ஓடிவிட்டன. ஆனால் அவை இருந்த இடத்தில், டார்ச் வெளிச்சத்தில் மட்டும் தெரியும் சாம்பல் நிற மங்கல் ஒன்று உட்கார்ந்துகொண்டது.

மென்மையான பெயின்டில் கீறலை எடுப்பது எளிது. எடுத்த இடத்தைத் தெளிவாக விட்டு வருவதுதான் பெரும்பாடு. ஆகவே "எது நன்றாக வெட்டும்" என்று யாரும் எழுத வேண்டாம். எது மங்கல் இல்லாமல் முடித்துக் கொடுத்தது, எந்த பேடில், எந்த வேகத்தில் என்று எழுதுங்கள்.

கோயம்புத்தூரிலிருந்து, சிவப்பு ஹேட்ச்பேக்

சார், நீங்கள் பாட்டிலை மாற்றுவதற்கு முன்பு பேடை மாற்றிப் பாருங்கள். நான் வைத்திருந்தது மெக்வையர்ஸ் எம்205 என்ற பாலிஷ். மைக்ரோஃபைபர் பேடில் போட்டபோது பெயின்ட் முழுவதும் பொடிக்கோடு. அதே திரவத்தை மிருதுவான ஃபோம் பேடில் போட்டதும் கதவு கண்ணாடியாக நின்றது. மென்மையான கிளியர் கோட்டில் மைக்ரோஃபைபரின் இழைகளே கீறிவிடுகின்றன. திரவத்தின் மேல் பழி போட்டுப் பயனில்லை.

எம்205-இல் இன்னொரு சங்கதி. அதன் துகள்கள் தேய்க்கத் தேய்க்க உடைந்து பொடியாகும் வகை அல்ல. முதல் சுற்றிலும் கடைசிச் சுற்றிலும் ஏறக்குறைய அதே அளவில்தான் இருக்கும். உடையும் வகைப் பாலிஷில் நேரம் போகப் போகத் துகள் நுண்மையாகித் தானாகவே மெருகுக்கு வந்துவிடும். இதிலோ அந்த வேலையைக் கை செய்ய வேண்டும். நான் செய்வது இதுதான்: இரட்டைச் சுழற்சி மெஷினில் (பேடு சுழன்றபடியே வட்டமாக ஆடவும் செய்யும் மெஷின்) வேக எண்ணை மூன்றரை, நான்குக்கு இறக்கி, அழுத்தத்தை முழுவதும் எடுத்துவிட்டு, மெஷினின் எடை மட்டும் பேடில் இருக்கும்படி கடைசி இரண்டு சுற்றுகளை மெதுவாக ஓட்டுவேன். பெரும்பாலான மங்கல் அந்த இரண்டு சுற்றிலேயே போய்விடும்.

பம்பரைத் தனியாகச் சோதியுங்கள். உலோக உடலின் கிளியர் கோட்டை ஆலையில் ஏறக்குறைய 140 டிகிரி செல்சியஸில் சுடுகிறார்கள். பிளாஸ்டிக் பம்பர் அந்தச் சூட்டைத் தாங்காது. அதற்கு வளையக்கூடிய வேறு பெயின்ட், குறைந்த சூடு. கதவில் அருமையாக வந்த அதே கூட்டணி என் பம்பரில் பிசுபிசுத்துப் பேடில் ஒட்டிக்கொண்டது. பிளாஸ்டிக்குக்குச் சூட்டை வாங்கி வெளியே கடத்தவும் தெரியாது. ஒரே இடத்தில் மெஷினை நிறுத்தினால் பெயின்ட் வெந்துவிடும்.

மதுரையிலிருந்து, இதையே தொழிலாகச் செய்பவர்

"இந்த கம்பெனி வண்டி மென்மை, அந்த கம்பெனி வண்டி கடினம்" என்று பட்டியல் போட்டுப் பேசுவதை நான் பாதிதான் நம்புவேன். ஜெர்மன் கார்களில் பல கடினம், ஜப்பானியக் கார்களில் பல மென்மை என்பது பொதுவாகச் சரிதான். ஆனால் ஒரே கம்பெனியில் இரண்டு நிறம் இரண்டு மாதிரி நடந்துகொள்ளும். டிங்கரிங் பார்த்து மறுபடி அடித்த கதவு மூன்றாவது மாதிரி. பானட்டில் ஒன்றரை அடிச் சதுரத்தை மாஸ்கிங் டேப்பால் பிரித்து, கையில் இருப்பதிலேயே மென்மையான பேடையும் மென்மையான பாலிஷையும் முதலில் போட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. போதவில்லை என்றால் ஒரு படி ஏறலாம். மேலே தொடங்கிவிட்டுக் கீழே வந்தால், போன கிளியர் கோட் திரும்பி வராது.

எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்தால் யாரும் அவசரப்பட மாட்டார்கள். ஆலையில் அடித்த பெயின்ட் எல்லா அடுக்கும் சேர்ந்து பெரும்பாலும் 100 முதல் 130 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்). அதில் கிளியர் கோட் சுமார் 40 மட்டுமே. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பொருள் அந்த 40-க்குள்தான் இருக்கிறது. தடிமன் மீட்டர் வைத்து அளக்கிறோம் என்று பெருமை பேசும் கடைகளிடம், அது மொத்தத் தடிமனைத்தான் காட்டுமா, கிளியர் கோட்டைத் தனியாகக் காட்டுமா என்று கேட்டுப் பாருங்கள். சாதாரண மீட்டர் மொத்தத்தைத்தான் காட்டும். பிளாஸ்டிக் பம்பரில் அதுவும் காட்டாது.

வாடிக்கையாளர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஒரு மணி நேரத்தில் கண்ணாடி மாதிரி ஆக்கிக் கொடுப்பார்கள். இரண்டு வாஷ் கழித்துக் கீறல் எல்லாம் முகம் காட்டும். கீறல் போகவே இல்லை. எண்ணெயும் நிரப்பியும் கலந்த கிளேஸ் அதை மூடியிருக்கிறது. தண்ணீர் கலந்த ஐசோபிரொப்பைல் ஆல்கஹாலைத் தாராளமாகத் தெளித்துத் துடைத்தால் உண்மை வெளியே வரும். ஆனால் மென்மையான பெயின்டில் அந்தத் துடைப்பே புதுக் கோடு போட்டுவிடும். நல்ல கொழுகொழுத் துணி, நிறைய ஈரம், அழுத்தாத கை. இல்லையென்றால் துடைத்த கோட்டைப் பார்த்துப் பாலிஷைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

எங்கள் ஊர் வெயிலைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. பானட் தொட முடியாமல் கொதிக்கும்போது எந்த ஊர் பாலிஷும் நொடியில் காய்ந்து தூளாகிவிடும். அந்தத் தூள்தான் அடுத்த கீறல். நான் இருண்ட பெயின்ட் வண்டிகளைக் காலை ஒன்பது மணிக்கு மேல் வெளியில் தொடவே மாட்டேன். ஒரு கதவு முடிந்ததும் பேடைக் காற்றடித்துச் சுத்தம் செய்துவிட வேண்டும். உரிந்த பெயின்ட் ஏறிய பேடும் மங்கல் போடும். ஒரு காருக்கு ஒரே பேடு என்று சிக்கனம் பார்ப்பவர்களுக்கு நான் சொல்ல எதுவும் இல்லை.

திருச்சியிலிருந்து

எனக்கு ஒரு சந்தேகம், அண்ணா. ஷோரூமில் பெயின்டின் மேல் பாதுகாப்புக்குப் பூசும் செராமிக் கோட்டிங் போட்டால் 9ஹெச் கடினம் வந்துவிடும், பிறகு கீறலே விழாது என்கிறார்கள். பாலிஷ் இல்லாமல் நேரே அதைப் போட்டுவிடலாமா?

மதுரையிலிருந்து

9ஹெச் என்பது பென்சில் வைத்துப் பார்க்கும் சோதனையின் உச்ச எண், தம்பி. அந்தப் பென்சில் கீறவில்லை என்பதுதான் அதன் அர்த்தம். மணல் ஒட்டிய துணி கீறாது என்று அல்ல. கீறலோடு கோட்டிங் போட்டால் கீறல் அதற்கு அடியிலேயே உட்கார்ந்துகொள்ளும். பிறகு அதை எடுக்கக் கோட்டிங்கையும் சேர்த்துத் தேய்க்க வேண்டும். கீழே சரிசெய்துவிட்டு மேலே போடுங்கள்.

சிங்கப்பூரிலிருந்து

இங்கே கார் உரிமச் சான்றிதழ் பத்து ஆண்டுக்கு. அதனால் நான் கணக்கை வேறு மாதிரி போடுகிறேன். அந்தப் பத்து ஆண்டுக்கும் இந்த 40 மைக்ரான்தான் கையிருப்பு. நகத்தில் தட்டுப்படும் ஆழமான கீறலை நான் துரத்துவதில்லை. அதன் விளிம்பை மழுக்கிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பேன். கோச் கெமி மைக்ரோ கட் பாலிஷ், மெருகுக்கான ஃபினிஷிங் பேடு. அதற்கு மேல் ஏறியதில்லை. அருகில் குனிந்து பார்க்கும் நண்பர் எப்போதும் ஏதாவது கண்டுபிடிப்பார், பார்க்கட்டும்.

சென்னையிலிருந்து, கருப்பு செடான்

கோயம்புத்தூர் நண்பர் சொன்னபடி 3800-ஐயே வைத்துக்கொண்டு, இன்னும் மிருதுவான பேடில், வேகத்தையும் அழுத்தத்தையும் குறைத்து ஓட்டினேன். பானட்டில் மங்கல் போய்விட்டது. இடது பின் கதவில் மட்டும் லேசாக நிற்கிறது. பேடு நிறைந்திருக்கும் என்று நினைக்கிறேன். புதுப் பேடில் பார்க்க வேண்டும்.

இன்னொன்று கேட்க மறந்தேன். பாலிஷுக்கு முன், பெயின்டில் ஒட்டிய துகள்களைத் தேய்த்தெடுக்கும் களிமண் போன்ற கட்டியான கிளே பார் போடச் சொல்கிறார்கள். இந்தப் பெயின்டில் அதுவும் கோடு போடுமே?

கோயம்புத்தூரிலிருந்து, சிவப்பு ஹேட்ச்பேக்

நிச்சயம் போடும். கழுவிய பிறகு கையில் மெல்லிய பாலிதீன் பையை மாட்டிக்கொண்டு பெயின்டைத் தடவிப் பாருங்கள். சொரசொரப்பு பல மடங்காகத் தெரியும். வழுவழுப்பாக இருந்தால் கிளே வேண்டவே வேண்டாம். சொரசொரத்தால் முதலில் இரும்புத் துகளைக் கரைக்கும் திரவம் தெளித்துக் கழுவுங்கள். புதுக் காரில் ரயில் பயணத்திலும் யார்டிலும் ஒட்டிய இரும்புத் துகள் ஊதா நிறமாக வழியும். அதற்கும் போகாத இடத்தில் மட்டும், இருப்பதிலேயே மென்மையான கிளேயை, சோப்பு நீர் நிறைய விட்டு. அந்தக் கோட்டை உங்கள் 3800 எடுத்துவிடும். ஆகவே கிளே போடுவதாக இருந்தால் பாலிஷ் போடும் அதே நாளில் போடுங்கள்.