முட்டையிடும் மாதங்களில் ஏரிக் காப்பகத்தில் கயாக்: தடையா, மிதவை எல்லையா?

கோரைக்கரை:
பறவைகள் அடைகாக்கும் மாதங்களில் ஏரிக் காப்பகங்களில் கயாக்கை, அதாவது துடுப்பால் ஓட்டும் சிறு படகை, அடியோடு நிறுத்த வேண்டும் என்கிறேன். மோட்டார் இல்லை, சத்தம் இல்லை, அதனால் தொந்தரவும் இல்லை என்ற பேச்சு தவறு. மோட்டார் படகுக்கு ஆழம் வேண்டும். அது நடு ஏரியோடு போய்விடும். கயாக்குக்கு ஒரு சாண் தண்ணீர் போதும். முக்குளிப்பான், நாமக்கோழி போன்ற நீர்ப்பறவைகள் கூடு வைக்கிற சம்புக்குள்ளேயே (கரையோர நாணல் புதருக்குள்ளேயே) நுழைந்துவிடுகிறது. சத்தமில்லாமல் வருவதால் பறவை சுதாரிக்க நேரமும் கிடைப்பதில்லை.

துடுப்பு:
சம்புக்குள் நுழைவதுதான் சிக்கல் என்றால் சம்பை மட்டும் அடைத்துவிடுங்கள், ஏரியை ஏன் அடைக்க வேண்டும்? சம்பு விளிம்பிலிருந்து 50 மீட்டர் தள்ளி, எல்லை காட்டும் மிதவை போட்டால் போதும். கரையை ஒட்டி இணையாகப் போகும் படகை விட, கூட்டைப் பார்த்து நேராக வரும் படகுதான் பறவையை அதிகம் கிளப்பும். பாதையை இணையாக வைத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. பழகிய ஏரிகளில் 10 மீட்டரில் படகு போனாலும் எழாமல் உட்கார்ந்திருக்கும் பறவைகள் உண்டு.

கோரைக்கரை:
அதைப் பழக்கம் என்று அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள். பொரிக்கும் நாள் நெருங்க நெருங்கப் பறவை கூட்டை விட்டிறங்கத் தயங்கும். அடையின் தொடக்கத்தில் அதே பறவை வெகு தூரத்திலேயே இறங்கிவிடும்.

முக்குளிப்பான் இறங்குவது கண்ணிலேயே படாது. அலகால் நாலைந்து இழுப்பில் பாசியை முட்டைமேல் போட்டுவிட்டு, மூழ்கி, தள்ளிப்போய் எழும். படகில் இருப்பவருக்குத் தெரிவது அழுகிய பாசிக் குவியல்தான். கூடு இல்லை என்று நினைத்து அங்கேயே துடுப்பை நிறுத்துவார். மூட நேரம் கிடைக்காவிட்டால் புதிதாக இட்ட வெள்ளை முட்டைகள் பளிச்சென்று தெரியும், காகம் வந்துவிடும். நாரை, நீர்க்காகக் கூடுகளில் ஆபத்து வேறு: இறகு முளைக்காத குஞ்சுக்குத் தாயின் நிழல் போனால் உச்சி வெயிலைத் தாங்காது.

ஆழமானி:
போட்ட மிதவை போட்ட இடத்திலேயே நிற்கும் என்று வைத்துக்கொண்டு பேசுகிறீர்கள். எல்லை தோற்பதே அங்கேதான். நீர்மட்டம் ஒரு மீட்டர் இறங்கினால் கயிறு தொய்ந்து, காற்று மிதவையைச் சம்புக்குள் தள்ளும். ஏறினால் மிதவை மூழ்கும், இல்லையேல் அடியில் நங்கூரமாகக் கிடக்கும் கட்டையை இழுத்துக்கொண்டு நகரும். கயிறு ஏரி நிரம்பும்போது உள்ள ஆழத்தை விட நீளமாக இருக்கட்டும். நடுவில் ஒரு சிறு எடையைக் கட்டினால் தொய்வை அது கீழே இழுத்துக்கொள்ளும்; அந்த எடையையும் தாங்கும் மிதவையாகப் பாருங்கள்.

கான்கிரீட் கட்டையின் கணக்கிலும் ஏமாறுவார்கள். கரையில் 50 கிலோ உள்ள கட்டை தண்ணீருக்குள் சுமார் 29 கிலோதான். சேற்றுத் தரைக்கு அகலமான தட்டைக் கட்டையே நல்லது. மெல்லிய நைலான் கயிறு மட்டும் வேண்டாம், மூழ்கும் பறவை சிக்கிக்கொள்ளும்.

துடுப்பு:
கயிறு விஷயம் சரி, ஏற்கிறேன். ஆனால் கயாக்கை நிறுத்திவிட்டுக் கரையில் தூண்டிலை விட்டுவைப்பது என்ன நியாயம்? அறுந்த தூண்டில் நரம்பு பறவையின் காலில் சுற்றும். தூண்டிலில் எடைக்குக் கட்டும் ஈயக்குண்டைக் கூழாங்கல் என்று பறவை விழுங்கினால் அரைவைப்பையில் தேய்ந்து ரத்தத்தில் கலக்கும். அன்னங்கள் அப்படிச் செத்ததால்தான் பிரிட்டனில் 1987 முதல் 28.35 கிராம் வரையிலான பெரும்பாலான ஈயக்குண்டுகளை விற்கத் தடை.

கோரைக்கரை:
தூண்டிலையும் கட்டுப்படுத்துங்கள், மறுப்பே இல்லை. அதனால் கயாக்கின் கேடு குறைந்துவிடாது. முக்குளிப்பான் அடைகாப்பது 20 முதல் 25 நாள். இறங்கிய பறவை திரும்பி உட்காருமுன் அடுத்த படகு வந்தால், ஒவ்வொரு படகும் தள்ளியே போனாலும், முட்டை ஆறிக்கொண்டே இருக்கும். உங்கள் 50 மீட்டர் எந்தப் பறவையை வைத்து அளந்தது?

துடுப்பு:
அளக்கவில்லை. அளந்தே வைப்போம்.

ஆழமானி:
கரையிலிருந்து ஒருவர் தொலைநோக்கியில் பார்க்கட்டும், ஒரே ஒரு படகு மெதுவாக நெருங்கட்டும். பறவை இறங்கும் தூரம் நமக்கு வேண்டாம். கழுத்தை நிமிர்த்தும் தூரத்தைக் குறித்துக்கொண்டு, அந்த நொடியே படகைத் திருப்புங்கள். அதன் இரு மடங்கில் மிதவை. சம்பு விளிம்பு நகரும்போது மிதவையும் நகர வேண்டும்.

கோரைக்கரை:
அடையின் முதல் வாரத்தில் அளந்தால் ஒப்புக்கொள்கிறேன். அளந்து முடியும்வரை அந்தக் கரைப்பக்கம் எந்தப் படகும் போகக் கூடாது.