அம்மாவின் விசிட்டர் விசா நிராகரிப்பு: அடுத்து சூப்பர் விசாவா?

கனடாவில் நிரந்தர வதிவிட உரிமையுடன் டொராண்டோவில் வசிக்கிறேன். யாழ்ப்பாணத்தில் தனியாக இருக்கும் அம்மாவுக்கு (68 வயது, அப்பா இல்லை) மார்ச்சில் விசிட்டர் விசாவுக்கு விண்ணப்பித்தோம். மே மாதம் நிராகரிப்பு வந்தது. தங்கும் காலம் முடிந்ததும் திரும்பிப் போவார் என்ற நம்பிக்கை இல்லையாம். அம்மாவோ பூச்செடிகளை விட்டு ஒரு வாரம்கூட நகர மாட்டார்!

கொடுத்தவை: அழைப்புக் கடிதம், என் சம்பளச் சான்று, வரி மதிப்பீட்டு அறிவிப்பு, அம்மாவின் ஓய்வூதிய விவரம், வங்கிக் கணக்கு, ஆங்கில மொழிபெயர்ப்புடன் வீட்டு உறுதி (சொத்துப் பத்திரம்). அம்மா இதற்கு முன் வெளிநாடு சென்றதில்லை. அதுதான் பலவீனம் என்று நினைக்கிறேன்.

அதிகாரியின் குறிப்புகளைத் தகவல் அறியும் சட்டத்தின் கீழ் கேட்டிருக்கிறேன், இன்னும் வரவில்லை. அதே ஆவணங்களுடன் மறுபடி விண்ணப்பிக்கச் சொன்னார் ஒரு முகவர். அதே தாளுக்கு அதே பதில்தானே வரும்?

பெற்றோர், தாத்தா பாட்டி நீண்ட காலம் வந்து தங்குவதற்கான சூப்பர் விசாவுக்குத் தேவையான குறைந்தபட்ச வருமானம் எனக்கு இருக்கிறது. 1,00,000 டாலர் மருத்துவக் காப்புறுதியும் ஓராண்டுக்கு எடுக்கலாம். ஆனால் அம்மா வருவது மூன்று மாதத்துக்குத்தான். ஒரே தடவையில் ஐந்து ஆண்டுகள் வரை தங்க அனுமதிக்கும் விசாவைக் கேட்டால் சந்தேகம் கூடுமோ என்று தயக்கம்.

விசிட்டர் விசா மறுக்கப்பட்டபின், குறிப்புகளுக்குக் காத்திராமல் சூப்பர் விசாவுக்கு விண்ணப்பித்து, தனியாக வாழும் தாய்க்கோ தந்தைக்கோ அனுமதி பெற்றவர்கள் இங்கே இருக்கிறீர்களா?