கட்-ஆஃப் 170.5, அரசுப் பள்ளி: சாய்ஸ் லிஸ்டில் எதை மேலே வைப்பது?

ஓசூர்_லேத்

வணக்கம். தங்கைக்காகக் கேட்கிறேன். எங்க ஊர் செங்கம் பக்கம். நான் பத்தாவது முடிச்சு ஐடிஐ போயிட்டேன், இப்ப ஓசூரில் லேத் பட்டறையில் வேலை. வீட்டில் காலேஜ் வாசலை மிதிக்கப் போறது இவதான் முதல் ஆள்.

பன்னிரண்டாவதில் கணிதம் 88, இயற்பியல் 81, வேதியியல் 84. பொறியியல் கட்-ஆஃப் (கணிதம் முழுசா, மத்த ரெண்டும் பாதிப் பாதியா, மொத்தம் 200-க்கு) 170.5. ஆறாவதில் இருந்து அரசுப் பள்ளிதான், அதனால அரசுப் பள்ளிப் பிள்ளைங்களுக்கான 7.5 சதவீத இட ஒதுக்கீட்டிலும் பேர் வந்திருக்கு. ரேங்க் வந்தாச்சு. அடுத்த வாரம் பொறியியல் கலந்தாய்வுக்கு சாய்ஸ் ஃபில்லிங், அதாவது வேணுங்கற காலேஜையும் பிரிவையும் வரிசையா ஆன்லைனில் போடணும். அவளுக்கு இசிஇ (எலக்ட்ரானிக்ஸ்) மேலதான் ஆசை. வீட்டில் ஃபேன் ரெகுலேட்டர் கெட்டா அவதான் திறந்து பார்ப்பா.

விண்ணப்பம் போட்டுக் கொடுத்த பிரவுசிங் சென்டர்காரர், "பத்து காலேஜுக்கு மேல போடாதே. கிண்டி, எம்ஐடின்னு அண்ணா யுனிவர்சிட்டியோட பெரிய காலேஜெல்லாம் மேல வச்சா அதுவும் கிடைக்காது, கீழ இருக்கறதும் போயிடும். உன் மார்க்குக்கு வர்றதை முதல்ல வை"ன்னு சொல்றார். இது உண்மையா?

இன்னும் ரெண்டு விஷயம். என்ஐடி மாதிரி மத்திய அரசு காலேஜுக்கான ஜேஇஇ மெயின் ஜனவரியில் எழுதினா, 61 பெர்சன்டைல். ஒரு கோச்சிங் சென்டரில் இருந்து கூப்பிட்டு ஒரு வருஷம் காலேஜ் சேராம டிராப் எடுத்து மறுபடி எழுதச் சொல்றாங்க, 1,20,000 ரூபாயாம். ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தின் ஏஜென்ட் பத்தாயிரமும் ஒரிஜினல் மார்க் ஷீட்டும் கொடுத்தா சீட் பிடிச்சு வைக்கிறேன்னு தினமும் போன் பண்றார். அம்மா பயந்துபோய் தோட்டை அடகு வைக்கலாமான்னு கேக்குறாங்க. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கணக்கு_வாத்தியார்

தம்பி, முதலில் அம்மாவிடம் தோட்டைக் காதிலேயே போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். அந்தப் பத்தாயிரம் வேண்டாம். அசல் மதிப்பெண் சான்றிதழை எந்த ஏஜென்டின் கையிலும் கொடுக்காதீர்கள். சேர்ந்துவிட்ட மாணவரின் அசல் சான்றிதழ்களையே கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று தொழில்நுட்பக் கல்விக்கான மத்திய அமைப்பான ஏஐசிடிஇ சொல்லியிருக்கிறது. சேராத பிள்ளையிடம் கேட்க இவர் யார்? நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் நம் கலந்தாய்விலேயே கிடையாது. 7.5 சலுகையும் அங்கே செல்லாது.

இனி லிஸ்ட் விஷயம். நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். 2018-ல் கலந்தாய்வு ஆன்லைனுக்கு வந்ததிலிருந்து வருஷா வருஷம் எங்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்து லிஸ்ட் போடுகிறேன். அதற்கு முன்பெல்லாம் பிள்ளையும் அப்பாவும் ராத்திரி பஸ் பிடித்து அண்ணா பல்கலைக்கழகத்துக்குப் போவார்கள். திரையில் காலியிடங்கள் ஓடும். அந்த நிமிஷம் எது மிச்சம் இருக்கிறதோ அதில் ஒன்றைச் சொல்லிவிட்டு வர வேண்டும். "கிடைக்கிறதை முதல்ல வை" என்ற பேச்சு அந்தக் காலத்துப் பழக்கம். இப்போது அது பிள்ளைகளுக்குக் கெடுதல் செய்கிறது.

நடப்பது இதுதான். கணினி ரேங்க் வரிசையில் ஒவ்வொருவராக எடுக்கும். தங்கையின் முறை வந்ததும் அவள் லிஸ்டின் முதல் வரியைப் பார்க்கும். பொதுப் பிரிவில் இடம் உண்டா? இல்லையென்றால் அவள் சாதிப் பிரிவில் உண்டா? இரண்டிலும் இல்லையா, அடுத்த வரிக்கு இறங்கும். இப்படியே இறங்கி நாற்பதாவது வரியில் இடம் இருந்தால் அங்கே நிற்கும். மேலே இருக்கிற முப்பத்தொன்பது வரி கிடைக்காததால் அவளுக்கு ஒரு துளி நஷ்டம் இல்லை. அவளுக்கு அடுத்த ரேங்க் பிள்ளை அதே கல்லூரியை முதல் வரியில் வைத்திருந்தாலும், தங்கையின் லிஸ்டைப் பார்த்து முடித்த பிறகுதான் அந்தப் பிள்ளையிடமே கணினி போகும்.

கிண்டியை மேலே வைத்தால் எதுவும் போகாது. கீழே வைக்க வேண்டியதை மேலே வைத்தால்தான் போகும். எங்கள் பள்ளிப் பையன் ஒருவன், கட்-ஆஃப் 178. யாரோ சொன்னார்கள் என்று பக்கத்து ஊர் தனியார் கல்லூரியை முதல் வரியில் வைத்தான், ஓர் அரசுக் கல்லூரியை மூன்றாவதில். கணினி முதல் வரியிலேயே நின்றுவிட்டது. அவனைவிட ரேங்க் குறைந்த பிள்ளை அந்த அரசுக் கல்லூரிக்குப் போனாள். அப்வர்ட், அதாவது லிஸ்டில் மேலே உள்ள வரிக்குக் காத்திருப்பது, அதைக் கொடுக்கலாமா சார் என்று ஓடி வந்தான். அவன் வரிக்கு மேலே வரியே இல்லையே, எங்கே போய் ஏறுவது? அன்றைக்கு அவன் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. அவன் என்னிடம் முன்னாலேயே வந்திருந்தால் ஐந்து நிமிஷ வேலை.

பத்து என்ற கணக்கும் தப்பு. எத்தனை வேண்டுமானாலும் போடலாம். பிடிக்காத கல்லூரியை மட்டும் போடாதீர்கள், போட்டால் கிடைத்துவிடும்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். பேனா வேண்டாம், பென்சில். கல்லூரிக் குறியீடு, ஊர், பாடப்பிரிவுக் குறியீடு என்று மூன்று கட்டம். பெயரை நம்பாதீர்கள், குறியீட்டு எண்ணைப் பாருங்கள். சிஐடி என்று கோவையிலும் ஒன்று இருக்கிறது, சென்னை குன்றத்தூரிலும் ஒன்று இருக்கிறது. கோவையினுடைய எண் 2007. பாடப்பிரிவுக்குப் பக்கத்தில் எஸ்எஸ் என்று இருந்தால் சுயநிதிப் பிரிவு. கல்லூரி அரசு உதவி பெறுவதாக இருந்தாலும் அந்தப் பிரிவுக்குக் கட்டணம் கூடும்.

உங்கள் பக்கத்துக்கு ஆரணியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரி இருக்கிறது. பர்கூர், தருமபுரி, சேலம் அரசுக் கல்லூரிகள், வேலூரில் தந்தை பெரியார் பெயரில் உள்ளது, இவையும் எட்டும் தூரம்தான். தெரியாத தனியார் கல்லூரி என்றால், அண்ணா பல்கலைக்கழகம் ஒவ்வொரு செமஸ்டருக்கும் வெளியிடுகிற கல்லூரிவாரித் தேர்ச்சி விழுக்காட்டைப் பார்த்துவிட்டு எழுதுங்கள். பேருந்தின் பின்னால் ஒட்டிய விளம்பரத்தைப் பார்த்து எழுத வேண்டாம்.

மூன்றாம்_வருஷம்_இசிஇ

அண்ணா, நானும் 7.5-ல் வந்தவள்தான். சார் சொன்னதோடு என் அனுபவம் ஒண்ணு.

உடனே ஒரு விஷயம் பாருங்க. விண்ணப்பத்தில் யார் போன் நம்பர் இருக்கு? எனக்கு விண்ணப்பம் போட்ட கடையில் அவங்க நம்பரையே கொடுத்துட்டாங்க. லிஸ்டை லாக் பண்ணும்போது ஓடிபி அவங்க போனுக்குப் போகுது. கடை பூட்டியிருக்கு, அவர் கல்யாணத்துக்குப் போயிருக்கார். நானும் அப்பாவும் கடை ஷட்டர் முன்னாடி சாயங்காலம் நாலு மணியில் இருந்து உட்கார்ந்திருந்தோம். ஒன்பது மணிக்குத்தான் அவர் போனை எடுத்து ஆறு நம்பரையும் சொன்னார். அந்த அஞ்சு மணி நேரத்தை நான் மறக்கவே மாட்டேன். உங்க வீட்டுக்கு அப்படி நடக்க வேண்டாம். வேற ஆள் நம்பர் இருந்தா நாளைக்கே பக்கத்து உதவி மையத்துக்குப் போய் மாத்தக் கேளுங்க. பாஸ்வேர்டையும் மாத்திடுங்க, லிஸ்டை வேற யாரும் தொடக் கூடாது.

தற்காலிக ஒதுக்கீடு வந்த உடனே வேலை முடிஞ்சதுன்னு நினைச்சுடாதீங்க. சொன்ன தேதிக்குள்ள உறுதி பண்ணணும், இல்லேன்னா இடம் போயிடும். பிடிச்ச காலேஜ்னா அக்செப்ட் அண்ட் ஜாயின். கிடைச்சதை விடாம, மேல இருக்கறதுக்கும் காத்திருக்கணும்னா அக்செப்ட் அண்ட் அப்வர்ட். மேல கிடைச்சுட்டா பழைய இடம் தானா போயிடும், ரெண்டையும் வச்சுக்க முடியாது. டிக்ளைன்னு ஆரம்பிக்கிற எதையும் பதட்டத்தில் அமுக்காதீங்க.

7.5 ஒதுக்கீட்டில் வாங்குற இடத்துக்கு டியூஷன் ஃபீஸ், ஹாஸ்டல், கவுன்சலிங் கட்டணம் எல்லாம் அரசாங்கமே கட்டுது. 2021-ல் இருந்து இருக்கு. நான் எட்டாவது வரைக்கும் எங்க ஊர் நடுநிலைப் பள்ளி, அப்புறம் டவுன் மேல்நிலைப் பள்ளி. ரெண்டு ஸ்கூல்லயும் படிப்புச் சான்று வாங்கி வச்சிருந்தேன், சேரும்போது ரெண்டையும் கேட்டாங்க. தங்கச்சியும் ஸ்கூல் மாறியிருந்தா இப்பவே வாங்கி வைங்க.

டிராப்_எடுத்தவன்

கோச்சிங் பற்றி மட்டும் சொல்கிறேன். நானும் மாநிலப் பாடத்திட்டம். ஒரு வருஷம் டிராப் எடுத்து, தமிழ்நாட்டுக்காரர்களுக்கான பாதி இடங்களில் ஒன்றில் திருச்சி என்ஐடியில் சிவில் சேர்ந்தேன். அதனால் டிராப்பே தப்பு என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்த வருஷம் எதில் போனது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஜேஇஇ மெயினில் பதினொன்றாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் சேர்ந்துதான் வரும். எங்கள் பள்ளியில் பதினொன்றாவது இயற்பியலை ஓட்டமாக ஓட்டிவிட்டார்கள். டிராப் வருஷத்தில் முதல் ஐந்து மாசம் எனக்கு அதிலேயே போனது. சாய்தளத்தில் ஒரு கட்டை, அதன் மேல் இன்னொரு கட்டை, நடுவே உராய்வு. அந்த ஒரு கணக்கைத் தானாகப் போட வர எனக்குப் பத்து நாள் ஆனது. மூன்று மணி நேரத்தில் 75 கேள்வி, சரியானால் 4, தப்பானால் 1 போகும். பாதி தெரிந்ததை வைத்துக்கொண்டு ஊகித்தால் 61 பெர்சன்டைலில்தான் நிற்கும், நானும் அங்கேதான் நின்றேன்.

தங்கையே கேட்டால் டிராப் பற்றி யோசியுங்கள். கோச்சிங் சென்டர் கேட்பதற்காக வேண்டாம். அவள் ஆசை இசிஇ என்று எழுதியிருக்கிறீர்கள், ஐஐடி என்று எழுதவில்லை. இசிஇ இந்த வருஷமே கிடைக்க வழி இருக்கிறபோது, அடகு வைத்து ஒரு வருஷம் காத்திருக்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ஓசூர்_லேத்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போயிருந்தேன். பார்த்தா இங்க மூணாம் வருஷம் படிக்கற அந்தத் தங்கச்சி சொன்ன மாதிரியே பிரவுசிங் சென்டர் நம்பர்தான் இருந்தது. திங்கட்கிழமை உதவி மையத்தில் அம்மா நம்பருக்கு மாத்திட்டோம். அதுக்காக அரை நாள் லீவு போட்டேன், பரவாயில்லை.

நோட்டும் வாங்கியாச்சு. கிண்டி இசிஇயை முதல் வரியில் எழுதச் சொன்னேன். "நிஜமாவே எழுதலாமாண்ணா"ன்னு ரெண்டு தடவை கேட்டா. இப்ப 46 வரி இருக்கு. டிராப் வேண்டாம்னு அவளே சொல்லிட்டா.

ஒரு இடத்தில் மட்டும் நிக்குறோம் சார். பர்கூர்ல டிரிபிள்இ (எலக்ட்ரிக்கல்) மேல வைக்கறதா, இல்ல தூரத்துல ஒரு தனியார் காலேஜ்ல இசிஇ மேல வைக்கறதா?

கணக்கு_வாத்தியார்

என்னைக் கேட்டால் பர்கூர் டிரிபிள்இ. அரசுக் கல்லூரி, நீங்கள் ஓசூரில் இருக்கிறீர்கள், ஒரு அவசரம் என்றால் ஓடிப்போகலாம். ரெகுலேட்டரைத் திறக்கிற பிள்ளைக்கு டிரிபிள்இ அந்நியமும் இல்லை. ஆனால் நான்கு வருஷம் படிக்கப் போவது அவள். இரண்டு பிரிவின் முதல் நான்கு செமஸ்டர் பாடப் பெயர்களை அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் எடுத்து அவள் முன்னால் வையுங்கள். நீங்கள் கொஞ்சம் வெளியே போய் டீ குடித்துவிட்டு வாருங்கள், அவள் எழுதட்டும்.

ஓசூர்_லேத்

டிரிபிள்இ 14-வது வரி, அந்த இசிஇ 15-வது. பேனாவில் எழுதிட்டா சார்.