கொட்டாஞ்சேனைப் பழைய வீடு: இடிப்பதற்கு முன் முப்பரிமாணப் பதிவு

கேள்வி:
எங்கள் பாட்டனார் காலத்து வீடு விரைவில் இடிக்கப்படவுள்ளது. சுண்ணாம்புச் சாந்துச் சுவர்களும் கதவுகளுக்கு மேலுள்ள மரச்செதுக்கல்களும் இன்னும் சிதையவில்லை. சாதாரண கமராவால் நம்பகமான முப்பரிமாண மாதிரியை உருவாக்க இயலுமா, அல்லது லேசர் ஸ்கேனர் அவசியமா?

பதில் 1:
ஒரு வீட்டுக்குக் கமரா போதும். அடுத்தடுத்த படங்களில் ஏறத்தாழ 70 சதவீதப் பகுதி பொதுவாக இருக்க வேண்டும்; அந்தப் பொதுப்பகுதிகளை ஒப்பிட்டே மென்பொருள் முப்பரிமாண மாதிரியை உருவாக்கும். படங்களிலிருந்து வடிவம் கிடைக்குமே தவிர உண்மையான அளவு கிடைக்காது என்பதால், நீளம் தெரிந்த அளவுகோலொன்றை ஒவ்வோர் அறையிலும் வைத்துப் படமெடுங்கள். வெள்ளையடித்த வெறுஞ்சுவரில் மென்பொருளுக்குப் பிடிமானம் இராது; அங்கே குறியிட்ட காகிதங்களை ஒட்டுங்கள். ட்ரோன் பறக்கவிடுவதாயின் முன்அனுமதி தேவை.

பதில் 2:
பாரிஸ் நோத்ர தாம் தேவாலயத்தை கலை வரலாற்றாய்வாளர் ஆண்ட்ரூ டாலன் 2010இல் நூறு கோடிக்கும் மேற்பட்ட லேசர் புள்ளிகளாகப் பதிவுசெய்திருந்தார்; 2019 தீவிபத்துக்குப் பின் அதன் மதிப்பு எல்லோருக்கும் புரிந்தது. ஆயினும், எந்தச் சுவர் மூலக்கட்டடத்துடையது, எது பின்னர் சீமெந்தால் எழுப்பப்பட்டது என்பதைப் புள்ளிகள் சொல்வதில்லை; அதை வீட்டில் வாழ்ந்த மூத்தவர்களிடம் கேட்டு, வரைபடத்திலேயே எழுதிவைப்பதே என் பார்வையில் முதன்மையான வேலை. மூலப்படங்களை அழிக்காதீர்கள், புள்ளித்தொகுதியை (வீட்டின் வடிவத்தைக் காட்டும் முப்பரிமாணப் புள்ளிகளின் தொகுப்பை) ஈ57 (E57) போன்ற திறந்த கோப்பு வடிவத்தில் இரண்டு இடங்களில் சேமியுங்கள்.

பதில் 3:
இடிக்கும் நாட்களிலும் கமராவுடன் அங்கே நில்லுங்கள். ஓடுகள் இறக்கப்பட்ட பின்னரே கூரை மரங்களின் பொருத்துகளும், சாந்து உதிர்ந்த பின்னரே சுவரின் உட்கட்டும் வெளிப்படும். பொருத்துகளைக் கழற்றுவதற்கு முன் படமெடுக்க அவகாசம் தருமாறு ஒப்பந்தக்காரரிடம் இப்போதே பேசிவையுங்கள்.