ஆறு பின்னோக்கி ஓடிய ஊர்: எங்கள் குடும்பக் குழுவிலிருந்து

சுந்தர்: கயல், நீ கீவில் மருத்துவம் படித்தபோது மோஷ்சுன் என்ற கிராமத்துக்குப் போயிருக்கிறாயா? 2022இல் ரஷ்யா படையெடுத்தபோது உக்ரைன் தலைநகரைக் காப்பாற்றியதே அந்த ஊர்தான் என்கிறார்கள்.

கயல்: இல்லை அண்ணா. புஷ்சா வோதித்சியா காடு வரை டிராமில் போயிருக்கிறோம். காட்டைத் தாண்டினால் மோஷ்சுன். ஆயிரம் பேர்கூட இருக்கமாட்டார்கள்.

மீனா அத்தை: அந்தச் சின்ன ஊருக்கா இத்தனை சண்டை?

கயல்: ஊரை ஒட்டி மேற்கே இர்பின் ஆறு அத்தை. அக்கரையில் ஹொஸ்தொமெல் விமான நிலையம். பிப்ரவரி 24 அன்று ரஷ்யப் படையினர் ஹெலிகாப்டர்களில் வந்து இறங்கியது அங்கேதான். ஆற்றைக் கடந்து மோஷ்சுனைப் பிடித்துவிட்டால், அப்புறம் காடு, காட்டுக்கு அப்பால் கீவ்.

ராமு பெரியப்பா: இப்போதுதான் வரைபடத்தைப் பார்த்தேன். ஆறு ஒரு பெரிய வாய்க்கால் அளவுதான். ஆனால் பள்ளத்தாக்கு அகலம், அடியில் சதுப்பு. சோவியத் காலத்தில் வடிகால் வெட்டி அதை வயலும் மேய்ச்சல் நிலமும் ஆக்கினார்கள். 1960களில் கீவ் நீர்த்தேக்கம் வந்தபோது அதன் நீர்மட்டம் ஆற்றைவிடப் பல மீட்டர் உயர்ந்துவிட்டது. அதனால் ஆறு நீர்த்தேக்கத்தில் சேரும் கொசரோவிச்சியில் அணை கட்டி, ஆற்றுநீரைப் பம்பு வைத்து மேலே ஏற்றி வந்தார்கள். பொதுப்பணித்துறையில் முப்பது வருடம் இருந்தேன், கடைமடையில் ஆற்றையே இறைத்து ஊற்றுவதை நான் பார்த்ததில்லை!

சுந்தர்: அந்த அணையைத்தானே உடைத்தார்கள்?

ராமு பெரியப்பா: ஆமாம், உக்ரைன் படையே. நீர்த்தேக்கத்துத் தண்ணீர் பள்ளத்தாக்குக்குள் பின்னோக்கிப் பாய்ந்தது. பழைய சதுப்பு திரும்பி வந்துவிட்டது.

சுந்தர்: அப்படியானால் கீவைக் காப்பாற்றியது தண்ணீர்தான்.

கயல்: அண்ணா, தண்ணீர் ஒரே நாளில் ஏறிவிடவில்லை. மார்ச் தொடக்கத்தில் ரஷ்யர்கள் மிதவைப் பாலம் போட்டு மோஷ்சுனுக்குள்ளேயே நுழைந்துவிட்டார்கள். உக்ரைனின் 72ஆவது படைப்பிரிவும் மற்றவர்களும் வாரக்கணக்கில் பதுங்குகுழிகளில் கிடந்து தடுத்தார்கள். ஊரில் பெரும்பாலான வீடுகள் போய்விட்டன. மாதத்தின் பிற்பகுதியில்தான் ரஷ்யர்கள் பின்வாங்கினார்கள். காணொளிகளில் வெள்ளத்தைக் காட்டுவார்கள், பார்க்க நன்றாக இருக்கிறது அல்லவா!

ராமு பெரியப்பா: கயல் சொல்வது சரி. வெள்ளம் நேரத்தை வாங்கிக் கொடுத்தது, அவ்வளவுதான். 1941 ஜூலையிலும் ஜெர்மானியர் இதே இர்பின் வரை வந்து நின்றார்கள். 1929 முதல் கட்டிய கான்கிரீட் அரண்கள் ஆற்றங்கரை நெடுகக் காத்திருந்தன. கீவ் செப்டம்பரில்தான் விழுந்தது. அதுவும் நேர்த்தாக்குதலில் அல்ல, கிழக்கே வெகுதூரம் சுற்றி வளைத்த பிறகு.

மீனா அத்தை: இப்போது அந்தத் தண்ணீர் வடிந்துவிட்டதா?

கயல்: மோஷ்சுனுக்கு வடக்கே தெமிதிவ் என்று ஓர் ஊர். போர் அங்கிருந்து போன பிறகும் மாதக்கணக்கில் நிலவறைகளில் தண்ணீர் நின்றது. குளிர்காலத்துக்கு உருளைக்கிழங்கும் ஊறுகாய் ஜாடிகளும் வைக்கும் இடம் அது.

ராமு பெரியப்பா: சூழலியலாளர்கள் சிலர் சதுப்பை அப்படியே விட்டுவிடச் சொல்கிறார்கள். என் கட்சியும் அதுதான். பறவைகள் வரும், நாளைக்கு டாங்கி வந்தாலும் புதையும்.

மீனா அத்தை: உங்கள் வீட்டு அடித்தளத்தில் தண்ணீர் நின்றால் இப்படிப் பேசுவீர்களா அண்ணா?

ராமு பெரியப்பா: மாட்டேன். தெமிதிவுக்குப் பம்பு ஓடட்டும், வீடில்லாத பள்ளத்தை மட்டும் விட்டுவைக்கட்டும். அதற்கு நடுவில் ஒரு கரை போட வேண்டும். செலவு அதிகம், ஆனால் முடியாத வேலை இல்லை.