பையன் ராப் பாட்டு எழுதியிருக்கான், பள்ளிக்கூடம் வேண்டாம்னுது: டாலஸ் பக்கம் உள்ளவங்க சொல்லுங்க

கேள்வி:
அக்கா, வணக்கம். நாங்க போன வருஷம் கோயம்புத்தூர்லேர்ந்து டாலஸ் பக்கம் வந்தோம். பையன் 11-ஆம் வகுப்பு. ஊர்ல மிருதங்கம் கத்துக்கிட்டவன், இங்க மார்ச்சிங் பேண்ட் டிரம்லைன்ல சேர்ந்துட்டான். ஆகஸ்ட் வெயில்ல பார்க்கிங் லாட்ல நிக்க வெச்சே உயிரை எடுக்கிறாங்கன்னு கடுப்புல தமிழும் இங்கிலீஷும் கலந்து ஒரு ராப் எழுதியிருக்கான். டேலண்ட் ஷோவுக்குக் கொடுத்தான். பேண்ட் டைரக்டர் வரிகளைப் படிச்சுட்டு முடியாதுன்னு சொல்லிட்டார். இப்ப யூடியூப்ல போடுறேன்னு நிக்கிறான். டைரக்டர் பேரே அதுல வருது. "இது அமெரிக்கா, ஃப்ரீ ஸ்பீச் இருக்கு"ங்கிறான். வீட்டுக்காரர் "வாயை மூடிட்டு வாசிடா"ங்கிறார். நடுவுல நான். என்ன செய்யட்டும்?

பதில்:
வாம்மா. பையன் சொல்ற உரிமை நிஜமாவே இருக்கு. ஆனா அதை டேலண்ட் ஷோவுல கேட்டா கிடைக்காது, வீட்டுல உட்கார்ந்து பாடினா பெரும்பாலும் கிடைக்கும். நம்ம வீடுகள்ல இது தலைகீழா நடக்குது. கிடைக்காத மேடைக்காகப் பள்ளியோட மல்லுக்கட்டுறோம், கிடைக்கிற இடத்துல நாமளே பிள்ளை வாயை அடைக்கிறோம்.

முதல்ல மேடை. 1965 டிசம்பர்ல அயோவா மாநிலம் டி மாயின்ல சில பிள்ளைங்க வியட்நாம் போரை எதிர்த்துக் கையில கறுப்புப் பட்டை கட்டிட்டுப் பள்ளிக்குப் போனாங்க. அதுல மேரி பெத் டிங்கருக்கு அப்ப 13 வயசு. பள்ளி வீட்டுக்கு அனுப்பிடுச்சு. 1969-ல உச்ச நீதிமன்றம் 7-க்கு 2-ன்னு பிள்ளைங்க பக்கம் தீர்ப்பு சொன்னது. பள்ளி நடக்கிறதைப் பெரிய அளவுல குலைக்காத வரைக்கும், மத்தவங்க உரிமையில கை வைக்காத வரைக்கும், மாணவர் பேச்சைத் தடுக்கக் கூடாதுங்கிறது அதோட சாரம். உங்க பையன் யூடியூப்ல எங்கேயோ கேட்டது இந்த வழக்காத்தான் இருக்கும்.

அவன் காதுல விழாதது 1988 ஹேசல்வுட் வழக்கு. மிசூரியில ஒரு பள்ளிப் பத்திரிகையிலேர்ந்து பிரின்ஸிபல் ரெண்டு பக்கத்தை எடுத்துட்டார். நீதிமன்றம் அது சரின்னுடுச்சு. பத்திரிகை, நாடகம்னு பள்ளி பேர்ல நடக்கிறதை ஊர் பள்ளியோட பேச்சாத்தான் எடுத்துக்கும், அதனால கல்வி சார்ந்த நியாயமான காரணம் இருந்தா பள்ளி வெட்டலாம், மறுக்கலாம். டேலண்ட் ஷோ, வின்டர் கான்செர்ட், ஃபுட்பால் ஹாஃப்டைம் எல்லாம் இந்தக் கணக்குலதான் வரும். டெக்சஸ்ல பேண்ட் போட்டிகளை நடத்துற யு.ஐ.எல்.-ங்கிற அமைப்பு பாட்டுப் பட்டியலே வெச்சிருக்கு. வசந்தகால மதிப்பீட்டுக்கு டைரக்டரே பெரும்பாலான பாட்டை அதுலேர்ந்துதான் எடுக்கணும், எல்லாமே அவர் இஷ்டத்துக்குக் கிடையாது.

வரி இல்லாத வெறும் இசைக்குக்கூட இந்தக் கதிதான். வாஷிங்டன் மாநிலம் எவரெட்ல 2006 பட்டமளிப்பு விழாவுக்கு விண்ட் என்சாம்பிள்ங்கிற ஊதுற வாத்தியக் குழுப் பிள்ளைங்க ஃபிரான்ஸ் பீபிலோட 'ஆவே மரியா'வை வாசிக்கணும்னு ஆசைப்பட்டாங்க. யாரும் பாடப் போறதில்லை, வாத்தியம் மட்டும்தான். தலைப்பே மதம்னு சொல்லுதுன்னு சூப்பரிண்டெண்டெண்ட் மறுத்துட்டார். அதுக்கு முந்தின வருஷ விழாவுல ஒரு மதப் பாட்டு வந்து ஊருக்குள்ள புகார் கிளம்பியிருந்தது. சாக்ஸபோன் வாசிச்ச கேத்ரின் நர்ரி வழக்கு போட்டாங்க. 2009-ல ஒன்பதாவது சர்க்யூட் நீதிமன்றம் (சில மாநிலங்களுக்குச் சேர்த்து இருக்கிற மேல்முறையீட்டு நீதிமன்றம்) பள்ளி பக்கம் நின்னது. 2010-ல உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்கவே இல்லை. நீதிபதி அலிட்டோ மட்டும் எடுத்திருக்கணும்னு தனியா எழுதினார். எனக்கும் அவர் பக்கம்தான் நியாயம்னு படுது, பல மாசம் பயிற்சி பண்ணின பிள்ளைங்க அவங்க. ஆனா நமக்குப் படுறதை வெச்சு டைரக்டர் முன்னாடி போய் நிக்க முடியாதும்மா. டேலண்ட் ஷோவை விட்டுடச் சொல்லுங்க.

இப்ப யூடியூப். இங்கதான் நீங்க டெக்சஸ்ல இருக்கிறது முக்கியம். மிசிசிப்பியில டெய்லர் பெல்னு ஒரு பள்ளி மாணவர், 2011 ஜனவரியில ரெண்டு கோச்சுங்க மாணவிகள்கிட்ட அசிங்கமா நடந்துக்கிறாங்கன்னு ஒரு ராப் பாட்டு போட்டார். வெளியில ஸ்டுடியோவுல பதிவு பண்ணினது. பள்ளிக் கம்ப்யூட்டரும் இல்லை, பள்ளி நேரமும் இல்லை. கோச்சுங்க பேர் சொல்லி, துப்பாக்கி வர்ற வரிகளும் இருந்தது. சஸ்பெண்ட் பண்ணி மாற்றுப் பள்ளிக்கு அனுப்பினாங்க. வழக்கு மேல போச்சு. மூணு நீதிபதி அமர்வு முதல்ல அவருக்குச் சாதகமா சொன்னது. 2015-ல ஐந்தாவது சர்க்யூட்டோட முழு அமர்வு அதை மாத்திடுச்சு: பள்ளியைச் சேர்ந்தவங்க காதுல விழணும்னே போட்ட பாட்டு, மிரட்டலா எடுத்துக்க இடம் இருக்கு, பள்ளி தண்டிக்கலாம். ராப் பாட்டை ராப் பாட்டாக் கேளுங்கன்னு கில்லர் மைக், டி.ஐ. மாதிரி பாடகர்கள் உச்ச நீதிமன்றத்துக்கு மனு கொடுத்தும் 2016-ல வழக்கை எடுக்கலை. அந்த ஐந்தாவது சர்க்யூட்டுக்குள்ளதான் டெக்சஸ், லூசியானா, மிசிசிப்பி மூணும் வருது.

அப்புறம் 2021-ல காத்து கொஞ்சம் மாறிச்சு. பென்சில்வேனியாவுல சியர்லீடிங் மேல் அணியில இடம் கிடைக்காத பொண்ணு, வார இறுதியில கடையில நின்னுக்கிட்டு ஸ்னாப்சாட்ல பள்ளியைக் கெட்ட வார்த்தையில திட்டினாள். ஒரு வருஷம் அணியிலேர்ந்து நீக்கினாங்க. உச்ச நீதிமன்றம் 8-க்கு 1-ன்னு பள்ளி செஞ்சது தப்புன்னுடுச்சு. வெளியில பேசுறதையும் பள்ளியே கண்காணிச்சா பிள்ளை 24 மணி நேரமும் வாயே திறக்க முடியாதேன்னு கேட்டது. ஆனா மிரட்டல், குறி வெச்சுத் தொல்லை கொடுக்கிறது மாதிரி விஷயத்துல பள்ளி தலையிடலாம்னும் அதே தீர்ப்புல இருக்கு.

அதனால பாட்டை நீங்க ஒரு தடவை வரி வரியாப் படிங்க. பையனைப் பக்கத்துல உட்கார வெச்சுப் படிங்க, சண்டை போடாம. வெயிலைத் திட்டுறது, பார்க்கிங் லாட்டைத் திட்டுறது, "எங்களை மனுஷனா நடத்து"ன்னு கேட்கிறது எல்லாம் இருக்கட்டும், தாராளமா. டைரக்டர் பேர், அவர் குடும்பம், உடம்பு, ஊர் எதுவும் வேண்டாம். "சுடுவேன், கொளுத்துவேன், முடிச்சுடுவேன்" ஒண்ணுகூட வேண்டாம், சிரிப்புக்கும் வேண்டாம், தமிழ்லயும் வேண்டாம். டிரான்ஸ்லேட் பட்டன் எல்லார் போன்லயும் இருக்கு. நாம செல்லமா "கொன்னுடுவேன்"னு சொல்றது அந்தப் பட்டன் வழியாப் போனா என்னவா வரும்னு யோசிச்சுக்குங்க. டெக்சஸ்ல பயமுறுத்தல்னு ஒரு குற்றப் பிரிவே இருக்கு. அதுல மாட்டினா டி.ஏ.இ.பி.-ங்கிற தனிப் பள்ளிக்கு அனுப்பியே ஆகணும்னு கல்விச் சட்டம் சொல்லுது. இன்னொண்ணு, இந்த மாநிலத்துல 17 வயசு ஆச்சுன்னா குற்ற வழக்குல பெரியவங்க கணக்கு. உங்க பையனுக்கு எப்ப 17-ன்னு பார்த்துக்குங்க.

பள்ளி நேரத்துல, பள்ளி லேப்டாப்ல, பேண்ட் யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு எதையும் பதிவு பண்ண வேண்டாம். வீட்டு டி-ஷர்ட், வீட்டு மைக், வீட்டு வைஃபை.

அந்தப் பாட்டுக்குள்ள நிஜமான ஒரு புகார் இருக்கே, அதை ஏன் யாரும் கவனிக்கலை? மார்ச்சிங் பேண்ட் பயிற்சி பள்ளி நேரத்துக்கு வெளியில வாரத்துக்கு 8 மணி நேரம்தான்னு பள்ளி நடக்கிற வாரங்களுக்கு யு.ஐ.எல். விதி இருக்கு. எந்தத் தேதி, எத்தனை மணிக்கு ஆரம்பிச்சு எத்தனைக்கு விட்டாங்க, தண்ணிக்கு எப்ப விட்டாங்கன்னு பையனையே ஒரு வாரம் எழுதச் சொல்லுங்க. அதை மெயில்ல முதல்ல டைரக்டருக்கு, பிறகு பிரின்ஸிபலுக்கு அனுப்புங்க. அதுக்கும் மேல போகணும்னா பள்ளி மாவட்டத்தோட பாலிசித் தொகுப்புல எஃப்.என்.ஜி.-ன்னு தேடுங்க, பெற்றோர் புகார் கொடுக்கிற படிகளும் காலக்கெடுவும் அதுல இருக்கும். காலக்கெடு தாண்டினா அதையே காரணமாச் சொல்லித் தள்ளிடுவாங்க.

கேள்வி:
ரொம்ப நன்றிக்கா. வீட்டுக்காரருக்கு எச்-1பி வேலை விசா, எங்களுக்கு எச்-4 குடும்ப விசா. பையன் ஏதாவது போட்டு விசாவுக்குப் பிரச்சினை வருமோன்னுதான் இவர் பயப்படுறார். பாஸ்போர்ட்ல விசா ஸ்டாம்பிங்குக்கு அடுத்த வருஷம் சென்னை போகணும்.

பதில்:
அந்தப் பயத்தை நான் சிரிச்சு ஒதுக்க மாட்டேன். பேச்சுரிமை குடிமக்களுக்கு மட்டும் இல்லை, இங்க வாழ்ற வெளிநாட்டுக்காரங்களுக்கும் உண்டுன்னு 1945-லயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. பள்ளியில சஸ்பெண்ட் ஆகிறது குற்றத் தீர்ப்பும் இல்லை. ஆனா போலீஸ் கேஸ்னு ஒண்ணு விழுந்துட்டா அது வேற உலகம். அப்ப கிரிமினல் வக்கீலோட இமிக்ரேஷன் வக்கீலையும் சேர்த்துப் பார்க்கணும், வாட்ஸப் குரூப்ல கேட்டுட்டு இருக்கக் கூடாது.

ஸ்டாம்பிங் விஷயம்: டி.எஸ்-160 விசா விண்ணப்பப் படிவத்துல கடந்த 5 வருஷத்துச் சமூக வலைதளக் கணக்குப் பேர்களைக் கேட்கிறாங்க. 2025 டிசம்பர்லேர்ந்து எச்-1பி, எச்-4 ஆளுங்களோட கணக்கையும் திறந்து பார்க்கிறாங்க. பையன் பாட்டு போடுற சேனல் பேர் அந்தப் படிவத்துல வரணும். மறைக்கிறதுதான் பெரிய வம்பு. வெயில்ல நிக்க வெச்சாங்கன்னு ஒரு பாட்டு இருந்தா வெட்கப்பட ஒண்ணும் இல்லை. அதிகாரி அதைக் கேட்டா என்ன நினைப்பார்னு நான் உத்தரவாதம் கொடுக்க முடியாது, ஆனா வரிகளை இப்பவே சுத்தம் பண்ணினா பாதி கவலை போயிடும். அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து முடிவு பண்ணட்டும்.

வேறொருவர்:
நடுவுல வர்றேன், மன்னிக்கணும். நாங்க இர்விங். மகள் பள்ளிக் கொயர்ல, அதாவது பாட்டுக் குழுவுல இருக்கா. டிசம்பர் கான்செர்ட்ல முக்கால்வாசி ஏசு பாட்டு. இது சட்டப்படி சரியா மேடம்?

பதில்:
சரிதான் சார். உங்களுக்குப் பக்கத்துல டங்கன்வில்லிலேயே இதுக்கு ஒரு வழக்கு நடந்தது. 1995-ல ஐந்தாவது சர்க்யூட், கோச்சுங்க மாணவிகளோட சேர்ந்து ஜெபம் பண்ணினது தப்பு, ஆனா கொயர் ஒரு கிறிஸ்தவப் பாட்டையே தன் தீம் பாட்டா வெச்சுக்கிறது தப்பில்லைன்னு சொன்னது. மேற்கத்திய குழுப்பாடல்ல பெரும்பகுதி தேவாலயத்துல பிறந்தது, அதைக் கழிச்சா மிஞ்சுறது கொஞ்சம்தான். தியாகராஜர் கீர்த்தனையில ராமனைக் கழிச்ச மாதிரி ஆயிடும். மகளுக்கு ஒரு குறிப்பிட்ட பாட்டு மனசுக்கு ஒவ்வலைன்னா கான்செர்ட் வாரத்துல சொல்லாதீங்க. செப்டம்பர்ல பாட்டுப் பட்டியல் வந்ததும் டீச்சருக்கு மரியாதையா எழுதி, அந்த ஒரு பாட்டுக்கு மட்டும் ஒதுங்கிக்கிறாள், மார்க்குக்கு வேற வேலை கொடுங்கன்னு கேளுங்க. பெரும்பாலும் ஒத்துப்பாங்க. கட்டாயப்படுத்திச் சொல்ல வைக்கக் கூடாதுங்கிறதுக்கு 1943 பார்னெட் தீர்ப்பு இருக்கு, அது கொடி வணக்க வழக்கு. டெக்சஸ்ல தினமும் கொடிக்கு பிளெட்ஜ் (உறுதிமொழி) சொல்றதுக்கும் நீங்க எழுத்துல கேட்டா விலக்கு கொடுக்கணும்.

கேள்வி:
அக்கா, ஒண்ணே ஒண்ணு. பையன் பாட்டை ஏற்கெனவே ஃப்ரெண்ட்ஸ் குரூப்ல அனுப்பிட்டானாம், இப்பதான் சொல்றான். அசிஸ்டண்ட் பிரின்ஸிபல் நாளைக்கு வரச் சொல்லியிருக்காங்க.

பதில்:
பழைய பேர் போட்ட பதிப்பா? ஆமான்னா இன்னைக்கு ராத்திரி அவனை யாருக்கும் மெசேஜ் பண்ண விடாதீங்க. எதையும் அழிக்கவும் வேண்டாம்.

நாளைக்கு நீங்க ரெண்டு பேரும் போங்க. எந்த விதி, என்ன குற்றச்சாட்டு, என்ன ஆதாரம்னு முதல்ல கேளுங்க. 1975 காஸ் தீர்ப்புப்படி சின்ன சஸ்பென்ஷனுக்குக்கூட காரணம் சொல்லி, பிள்ளை தரப்பைக் கேட்கணும். டிரம்லைன்லேர்ந்து மட்டும் நிறுத்தினா அந்தப் பாதுகாப்பு பொருந்தாது. அது பேண்ட் ஹேண்ட்புக் கணக்கு. அரங்கேற்றத்துக்கு மண்டபம் பிடிக்க ஆறு மாசம் யோசிக்கிறோம், அந்த ஹேண்ட்புக்ல கையெழுத்து போட ஆறு நொடி எடுத்துக்கிறோம். உங்க கையெழுத்து அதுல இருக்கும், சோஷியல் மீடியா பத்தி ஒரு பத்தி இருக்கான்னு இப்பவே எடுத்துப் படிங்க.

பையன் எதையாவது எழுதிக் கையெழுத்து போடணும்னா, படிச்சுப் பார்த்துட்டு அனுப்புறோம்னு வாங்கிட்டு வந்துடுங்க. பள்ளி போலீஸ்காரர் அறைக்குள்ள உட்கார்ந்திருந்தா, வக்கீலைக் கேட்டுட்டுப் பேசுறோம்னு சொல்லி எழுந்துடுங்க. இல்லைன்னா பேர் போட்ட வரிக்கு அவனையே மன்னிப்பு கேட்கச் சொல்லுங்க. வெயில் பத்தின வரிக்குக் கேட்க வேண்டாம். சந்திப்பு முடிஞ்ச அன்னைக்கே, யார் என்ன சொன்னாங்கன்னு அவங்களுக்கே ஒரு மெயில் அனுப்பி வைங்க. வரிகளை எனக்குத் தனியா அனுப்பும்மா, பதினோரு மணி வரைக்கும் முழிச்சிருப்பேன்.