முகில் கிழிந்ததும் இடப்பக்கம் ஓடுபாதை, அடுத்த நொடி விமானம் மேலே. ஏன்?

ஆரையம்பதியான்:
போன கிழமை லீவில் ஊருக்கு வந்தேன். இடையில் ஒரு நகரத்தில் விமானம் மாறுகிற மலிவு டிக்கெட். அங்கே இறங்கும்போது விடியற்காலை, நல்ல மழை, வெளியே ஒன்றும் தெரியாத வெள்ளை. எனக்கு இடப்பக்க ஜன்னல் சீட். சக்கரம் இறக்கின சத்தம் கேட்டு இரண்டு நிமிடம் இருக்கும், முகில் சட்டென்று கிழிந்தது. இடப்பக்கம் முன்னால் இரண்டு வரிசை விளக்கு. சரி, வந்துவிட்டோம் என்று நினைக்கிறேன், இன்ஜின் உறுமி மூக்கு மேலே போய்விட்டது. பக்கத்தில் இருந்த அம்மா மாமாங்கப் பிள்ளையாரைக் கூப்பிடத் தொடங்கிவிட்டார். நேர்கோட்டில் வரவில்லை, மறுபடி முயல்கிறோம் என்று கப்டன் அறிவித்தார். இரண்டாம் முறை சுகமாக இறங்கினோம்.

ரேடியோ அலையைப் பிடித்துக்கொண்டு தானாக வருகிற விமானம் கோட்டை விட்டு எப்படி விலகும்? மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை. அடுத்த மாதம் திரும்பிப் போகவும் வேண்டும்.

வாவிக்கரை:
காற்றுத்தான் மச்சான், வேறென்ன. கல்லடிப் பாலத்தில் சைக்கிள் ஓடினவனுக்குத் தெரியாதா?

கல்முனை நானா:
காற்றாகவும் இருக்கலாம். ஆனால் தம்பி கேட்டது வேறு. நான் வளைகுடாவில் ஒரு விமான நிலையத்தில் 19 வருடம், இறங்குகிற விமானத்துக்கு ரேடியோ அலையால் வழி காட்டுகிற இந்த ஐ.எல்.எஸ். கருவிகளோடு கிடந்தவன்.

முதலில் உங்கள் ஜன்னல். விமானம் நேராக வந்தால் பக்க ஜன்னல்காரருக்கு ஓடுபாதை தெரியவே தெரியாது, அது மூக்குக்கு நேரே இருக்கும். இடப்பக்கம் தெரிந்தது என்றால் விமானம் வலப்பக்கம் விலகி நின்றிருக்கிறது. இல்லாவிட்டால், வலமிருந்து அடிக்கிற காற்றுக்கு மூக்கைக் கொடுத்து நண்டு மாதிரி வந்திருக்கிறது. இரண்டில் எது என்று கல்முனையில் இருந்துகொண்டு நான் சொன்னால் அது பொய்.

அடுத்தது அந்த அலை. அது கட்டிய கயிறு இல்லை. ஓடுபாதையின் மறுகோடியில் லோக்கலைசர் என்று ஒரு ஏரியல் வரிசை நிற்கும். அது பேசுவது 108க்கும் 112க்கும் இடைப்பட்ட மெகாஹேர்ட்ஸில், எஃப்.எம். ரேடியோ முடிகிற இடத்துக்குச் சற்று மேலே. அதில் இரண்டு சுருதி. இறங்கி வருபவருக்கு இடப்பக்கம் 90 ஹேர்ட்ஸ் தூக்கலாக இருக்கும், வலப்பக்கம் 150. இரண்டும் சமமாகிற இடம்தான் நடுக்கோடு. விமானிக்கு முன்னால் இருக்கிற ஊசிக்கும் தானாக ஓட்டுகிற ஓட்டோபைலட்டுக்கும் தெரிவது இந்த ஏற்றத்தாழ்வு மட்டும்தான். ஓடுபாதையை அவை கண்டதில்லை.

80களில் ரூபவாஹினி பார்க்க முகட்டில் ஏரியல் கட்டினவர்களுக்கு ஞாபகம் இருக்கும், ஹெலி மேலே போனால் படம் ஆடும். அலை அதில் பட்டுத் தெறித்து வருவதால் வந்த வினை. லோக்கலைசருக்கு முன்னால் பெரிய விமானமோ லொறியோ குறுக்கே வந்தால் அதே ஆட்டம், ஆனால் ஆடுவது நடுக்கோடு. மணல் அள்ளுகிற ட்ரக்டர்காரனோடு இதற்காக நான் போட்ட சண்டை கொஞ்சமில்லை.

2011 நவம்பர் 3ஆம் திகதி மியூனிக்கில் நடந்தது இதுதான். சிங்கப்பூர் எயார்லைன்ஸின் போயிங் 777 தானாகவே தரையிறங்கி வந்துகொண்டிருக்கிறது. முன்னால் கிளம்பின ஒரு சிறிய ஜெட் லோக்கலைசர் ஏரியலைக் கடந்து பறந்தது. அலை கோணியது, 777 இடப்பக்கம் இழுபட்டது. சக்கரம் ஓரத்தில் பட்ட பிறகு விமானி மேலெழும் சுவிட்சை அழுத்தினார், தரை தொட்டபின் அது வேலை செய்யாது. இடப்பக்கப் புல்லில் இறங்கி, ஓடுபாதையைக் குறுக்கே வெட்டி, வலப்பக்கப் புல்லில் போய் நின்றது. ஒருவருக்கும் காயமில்லை. பார்வை மிகக் குறைந்த நாளில் டவர் ஏரியலுக்கு முன்னால் உள்ள இடத்தை வெறுமையாக வைத்திருக்கும். அன்று வானிலை அவ்வளவு மோசமில்லை, அதனால் அந்தக் காவல் இல்லை.

எனக்கு அதைவிடப் பயம் பசிபிக் தீவு நாடான சமோவாவில் நடந்தது. 2000 ஜூலை கடைசியில் எயார் நியூசிலாந்தின் 767 ஒன்று இரவில் இறங்குகிறது. உயரத்தைக் காட்டுகிற கிளைட் ஸ்லோப் ஊசி அப்படியே நடுவில். ஆனால் ஓடுபாதைக்கு இன்னும் ஐந்தரைக் கடல் மைல் இருக்கும்போது விமானம் 400 அடிக்கும் கீழே! 3 பாகைச் சரிவில் ஒரு கடல் மைலுக்குச் சுமார் 300 அடி என்பது கணக்கு, அங்கே 1,650 அடியாவது இருந்திருக்க வேண்டும். விமானிகள் கண்டுகொண்டு மேலே போனதால் தப்பினார்கள். பிழையான அலையைத் தானாக நிறுத்தவேண்டிய கட்டுப்பாட்டை, வேலைக்காரர்கள் திருத்தத்துக்காக ஒதுக்கி வைத்த சுவிட்ச் நிலையிலேயே விட்டிருந்தார்கள். அந்த மாதிரிச் சுவிட்ச் என் கையாலும் எத்தனையோ தரம் திரும்பியிருக்கிறது. அன்றிலிருந்து வீட்டுக்குப் போகமுன் அறைக்குத் திரும்பி இன்னொரு தரம் பார்ப்பேன். பெடியன்கள் சிரிப்பார்கள்.

உங்கள் கப்டன் சரியாகத்தான் செய்தார். முகிலுக்குள் வரும்போது 1,000 அடிக்கு மேலேயே வேகமும் கோடும் படிந்திருக்க வேண்டும் என்பது பல கம்பனிகளின் சட்டம். அதற்குக் கீழே வந்து பிசகினாலும் இழுத்துப் பிடித்து இறக்கப் பார்க்கக் கூடாது, மேலே போகவேண்டியதுதான்.

அக்கரைப்பற்றுப் புள்ள:
நானா, எங்கள் வாப்பா அடிக்கடி சொல்வது 1978 நவம்பர் 15. ஜித்தாவிலிருந்து இந்தோனேசிய ஹாஜிமாரோடு வந்த டி.சி.-8 விமானம் கட்டுநாயக்கவில் இறங்குமுன் தென்னந்தோட்டத்தில் விழுந்தது. 183 பேர் மௌத்து. அதுவும் ஐ.எல்.எஸ். பிடித்து வந்ததுதானே?

கல்முனை நானா:
ஓம் மகள். இரவு, மழை. இலங்கை விசாரணை விமானிகள் முறைப்படி இறங்கவில்லை என்றது, ஐஸ்லாந்துத் தரப்பு தரையிலிருந்த கருவியைக் குறை சொன்னது. விமானக் கம்பனி அவர்களுடையது. கருவிக்காரனான நான் எந்தப் பக்கம் நிற்பேன் என்று கேட்காதீர்கள்.

ஆரையம்பதியான்:
நன்றி நானா. ஜன்னல் விசயம் இவ்வளவு நாளும் மண்டையில் ஏறவில்லை. இரவு மனைவியிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்ப இந்த முறை நடுச் சீட் எடுங்க" என்று போய்விட்டா.